திருத்துவது யார் வேலை?

2026 ஜனவரியில் நாடெங்கும் பேசப்பட்ட பாடநூல் விவகாரம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். புதிய கல்விச் சீர்திருத்தத்தின் கீழ் தயாரிக்கப்பட்ட தரம் 6 ஆங்கில மொடியூலில், சிறுவர்களுக்குப் பொருத்தமற்ற இணையத்தளமொன்றின் பெயர் இடம்பெற்றிருந்தது. விநியோகம் நிறுத்தப்பட்டது, விசாரணை ஆரம்பமானது, பாராளுமன்றம் வரை சூடு பரவியது. கடைசியில் தரம் 1க்கான சீர்திருத்தம் மட்டும் 2026இல் நடைமுறைக்கு வர, தரம் 6க்கானது 2027க்கு ஒத்திவைக்கப்பட்டது.

அந்த விவகாரத்தின் அரசியலைப் பலரும் எழுதிவிட்டார்கள். கண்டிப் பிரதேசப் பாடசாலைகளில் நீண்டகாலம் தமிழ் கற்பித்தவன் என்ற வகையில் எனக்கு அதில் வேறொரு விடயம் தெரிகிறது. அந்தப் பக்கத்தைக் கையில் எடுக்கப்போவது 11 வயதுப் பிள்ளை. அச்சுக்குப் போகும் முன் அந்தப் பிள்ளையின் இடத்தில் இருந்து ஒருவர் அதை ஆறுதலாக மீண்டும் வாசித்திருந்தால் இவ்வளவு பெரிய செலவும் அவமானமும் நேர்ந்திருக்காது. எழுதி முடித்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பது நம் நாட்டில் அலுவலகங்களிலும் நிறுவனங்களிலும் பரவலாகக் காணப்படும் பழக்கம். அது எங்கே தொடங்குகிறது என்று தேடிப்போனால், நமது வகுப்பறைகளில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். "திருத்துதல்" என்றால் நமது பாடசாலைகளில் யாருடைய வேலை? எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் "சேர் திருத்துவார்", "டீச்சர் கொப்பி திருத்திக்கொண்டிருக்கிறார்" என்றுதான் பதில் வரும். எழுதுவது மாணவர் வேலை, திருத்துவது ஆசிரியர் வேலை. இந்தப் பங்கீடு நமக்கு இவ்வளவு இயல்பாகிவிட்டதால், இதில் ஏதோ பிழை இருக்கிறது என்பதே நமக்குப் படுவதில்லை. ஆனால் உலகில் எந்த நல்ல எழுத்தாளரையும், சட்டத்தரணியையும், ஆய்வாளரையும், பத்திரிகையாளரையும் கேட்டுப் பாருங்கள். திருத்துவது எழுதுபவரின் வேலை என்பார்கள். எழுத்து என்ற தொழிலின் பெரும்பகுதியே அதுதான். அந்தப் பெரும்பகுதியைப் பிள்ளையிடமிருந்து எடுத்து ஆசிரியரின் சிவப்புப் பேனையிடம் கொடுத்துவிட்டு, "நம்ம பிள்ளைகளுக்கு எழுத வராது" என்று கூட்டங்களில் கவலைப்படுகிறோம்.

கொப்பிக்குள் நடப்பது என்ன?

நமது பாடசாலைகளில் ஒரு கட்டுரையின் பயணம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. பலகையில் தலைப்பு எழுதப்படுகிறது. முன்னுரை, மூன்று பந்தி, முடிவுரை என்று சட்டகம் கொடுக்கப்படுகிறது. பிள்ளை ஒரு பாடவேளையில் அல்லது வீட்டில் எழுதி வருகிறது. ஆசிரியர் எழுத்துப்பிழைகளைச் சுழித்து, ஒருமை பன்மை மயக்கங்களைச் சரிசெய்து, கீழே புள்ளியிட்டு ஒப்பம் வைக்கிறார். பிள்ளை புள்ளியைப் பார்க்கிறது, பக்கத்தில் இருப்பவரின் புள்ளியைப் பார்க்கிறது, கொப்பியை மூடுகிறது. மிஞ்சிப்போனால் பிழைவிட்ட சொல்லைப் பத்துத் தடவை எழுதுகிறது. அடுத்த வாரம் அடுத்த தலைப்பு.

இதில் அந்தக் கட்டுரை ஒருபோதும் நல்ல கட்டுரையாக மாறுவதில்லை. 20க்கு 9 புள்ளி பெற்ற கட்டுரை என்றென்றும் 9 புள்ளிக் கட்டுரையாகவே கொப்பியில் கிடக்கிறது. அதை 14 ஆக்குவது எப்படி என்று அந்தப் பிள்ளை தன் கையால் செய்து பார்த்ததே இல்லை. தரம் 6 முதல் க.பொ.த. சாதாரண தரம் வரை ஆறு வருடங்கள் இப்படியே கழிகின்றன. நூற்றுக்கணக்கான ஆரம்பங்கள் இருக்கின்றன, ஒன்றைக்கூட செப்பனிட்டு முடித்த அனுபவம் இல்லை.

இந்த இடத்தில் நமது ஹிப்ழ் மத்ரஸாக்களை நினைத்துப் பாருங்கள். பிள்ளை ஓதும்போது பிழைவிட்டால் உஸ்தாத் நிறுத்துகிறார். ஆனால் அவரே ஓதிவிட்டு அடுத்த ஆயத்துக்குப் போவதில்லை. பிள்ளைதான் திரும்ப ஓத வேண்டும். சரியாக வரும் வரை, அந்த இடம் நாவில் பழகும் வரை, மறுபடியும் மறுபடியும் பிள்ளையே ஓதுகிறது. பிழையைக் காட்டுவது உஸ்தாதின் வேலை, சீராக்குவது பிள்ளையின் வேலை. ஒரே பிள்ளை காலையில் ஒரு முறையிலும் பாடசாலையில் அதற்கு நேர்மாறான முறையிலும் கற்கிறது. எந்த முறை பலன் தருகிறது என்பதற்கு நமது ஊர்களில் உள்ள ஹாபிழ்களே சாட்சி.

ஆய்வுகள் சொல்வது

இது வெறும் அனுபவப் பேச்சு அல்ல. 1980இல் நான்சி சொமர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், 20 பல்கலைக்கழகப் புதுமுக மாணவர்களும் 20 அனுபவமிக்க எழுத்தாளர்களும் தமது எழுத்தை எப்படித் திருத்துகிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தார். மாணவர்கள் சொற்களைத்தான் மாற்றினார்கள். ஒரு சொல்லை எடுத்து இன்னொரு சொல்லை வைப்பதே திருத்தம் என்று நினைத்தார்கள். அனுபவமுள்ளவர்களோ, தாம் சொல்ல வந்தது என்ன, வாசிப்பவருக்கு அது எந்த ஒழுங்கில் போய்ச்சேர வேண்டும் என்ற இடத்திலிருந்து தொடங்கினார்கள். பந்தியையே தூக்கி எறியவும் அவர்கள் தயங்கவில்லை. நமது கொப்பிகளில் ஆசிரியர் செய்யும் திருத்தமும் சொல் அளவிலேயே நிற்பதால், பிள்ளைக்கும் திருத்தம் என்றால் எழுத்துப்பிழை என்றே பதிந்துவிடுகிறது.

2007இல் ஸ்டீவ் கிரஹாம், டொலோரஸ் பெரின் ஆகிய இருவரும் 4ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை எழுத்து கற்பித்தல் பற்றி நடந்த பல பரிசோதனைகளைத் தொகுத்து ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். திட்டமிடுவது, திருத்துவது, செப்பனிடுவது ஆகியவற்றுக்கான வழிமுறைகளைப் படிப்படியாக நேரடியாகக் கற்பிப்பதும், சுருக்கம் எழுதப் பழக்குவதும், மாணவர் ஒருவருக்கொருவர் துணையாக இருந்து எழுதுவதும் தெளிவான பலன் தந்தன. எழுத்திலிருந்து பிரித்து இலக்கணத்தைத் தனியே கற்பித்தல் எழுத்தின் தரத்தை உயர்த்தவில்லை. இலக்கணம் வேண்டாம் என்பது இதன் பொருள் அல்ல. பிள்ளை தன் வசனத்தைச் சீர்செய்யும் அந்த நேரத்தில் இலக்கணம் வர வேண்டும் என்பதே பொருள்.

இன்னொன்று பெற்றோருக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியது. 1988இல் ரூத் பட்லர் என்பவர் வெளியிட்ட ஆய்வில், ஒரு தொகுதி மாணவருக்குப் புள்ளி மட்டும், இன்னொரு தொகுதிக்குக் குறிப்பு மட்டும், மூன்றாம் தொகுதிக்குப் புள்ளியும் குறிப்பும் கொடுக்கப்பட்டன. முன்னேறியவர்கள் குறிப்பு மட்டும் பெற்றவர்களே. புள்ளியைக் கண்டதும் பிள்ளை குறிப்பை வாசிப்பதை விட்டுவிடுகிறது. ஆசிரியர் இரவிரவாக எழுதிய குறிப்புகள் அந்த ஒற்றை எண்ணுக்குக் கீழே புதைந்துபோகின்றன.

இரண்டாம் பிரதி எப்படி இருக்கும்?

ஒரு உதாரணம் சொன்னால் விளங்கும். "எனது ஊர்" என்ற தலைப்பில் அக்குறணைப் பிள்ளை ஒன்று எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் பிரதி அநேகமாக இப்படி வரும்:

"எனது ஊர் மிகவும் அழகான ஊர் ஆகும். அங்கு மலைகளும் ஆறுகளும் காணப்படுகின்றன. மக்கள் ஒற்றுமையாக வாழ்கின்றனர்."

இதில் எழுத்துப்பிழை ஒன்றுமில்லை. சிவப்புப் பேனைக்கு வேலையில்லை. ஆனால் ஊரின் பெயரை எடுத்துவிட்டால் இது கம்பளைக்கும் பொருந்தும், காத்தான்குடிக்கும் பொருந்தும். ஆசிரியர் ஓரத்தில் இரண்டே கேள்வி எழுதுகிறார்: "மழை கடுமையாகப் பெய்தால் உங்கள் ஊரில் முதலில் என்ன நடக்கும்? அதை நீ எங்கிருந்து பார்த்தாய்?" புள்ளி இல்லை. இரண்டு நாள் கழித்து வரும் பிரதி இப்படி இருக்கலாம்:

"பிங்கா ஓயா பெருகினால் அக்குறணை டவுனில் ரோட்டுக்கு மேலே தண்ணீர் வரும். வானம் கறுத்ததுமே வாப்பா கடையின் கீழ்த்தட்டுச் சாமான்களை மேல்தட்டுக்கு ஏற்றச் சொல்வார். நாங்கள் ஏற்றி முடிக்கும்போது சில நாட்களில் மழை விட்டுவிடும். அப்போது எல்லோரும் சிரிப்போம். ஆனாலும் யாரும் உடனே இறக்கி வைக்க மாட்டார்கள்."

இந்தப் பிள்ளைக்கு எழுத வராதா? வரும். கேட்க ஆள் இருக்கவில்லை, திரும்ப எழுத வாய்ப்பு இருக்கவில்லை, அவ்வளவுதான். "டவுன்" என்ற சொல்லை விடுவதா, "நகரம்" என்று மாற்றுவதா, வாப்பா என்று எழுதலாமா, தந்தை என்று எழுத வேண்டுமா என்ற பேச்சை மூன்றாவது சுற்றில் வைத்துக்கொள்ளலாம். நமது பிள்ளைகள் வீட்டில் பேசும் தமிழுக்கும் பாடநூல் தமிழுக்கும் இடையே தூரம் அதிகம். கடையிலும் பஸ்ஸிலும் சிங்களம் கேட்டு வளர்பவர்கள் அவர்கள். முதல் பிரதியிலேயே "பேச்சு வழக்கு" என்று சுழித்தால் பிள்ளை தனக்குத் தெரிந்ததை எழுதுவதை நிறுத்திவிட்டு, பாடமாக்கியதை எழுதத் தொடங்கிவிடும். முதலில் விடயம், பிறகு ஒழுங்கு, கடைசியில் மொழி என்ற வரிசை நம் பிள்ளைகளுக்கு மற்றவர்களை விட அவசியம்.

பாடமாக்கிய கட்டுரையின் ஆபத்தை 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளிக்குப் பிறகு இன்னும் கூர்மையாக உணர்கிறேன். கண்டி மாவட்டம் மண்சரிவுகளில் பெருந்தொகை உயிர்களை இழந்தது. கம்பளை வெள்ளத்தில் மூழ்கியது. நடந்துகொண்டிருந்த க.பொ.த. உயர்தரப் பரீட்சையே இடைநிறுத்தப்பட்டு 2026 ஜனவரியில் தொடர்ந்தது. மண்ணும் சேறும் வீட்டுக்குள் வந்ததைக் கண்ணால் கண்ட பிள்ளைகள் இந்த மாவட்டத்தில் ஏராளம். அவர்களிடம் "இயற்கை அனர்த்தங்கள்" என்று தலைப்புக் கொடுத்தால் என்ன வரும்? டியூஷன் வகுப்பில் கொடுத்த மாதிரிக் கட்டுரையின் முன்னுரைதான் வரும். நிலநடுக்கம், எரிமலை, சுனாமி என்று பட்டியல் வரும். தான் கண்ட மலைச்சரிவு வராது. தன் வாழ்க்கை கட்டுரைக்கு உரியது அல்ல என்று ஒரு பிள்ளை கற்றுக்கொண்டால், அது மொழிப் பாடத்தின் தோல்வி மட்டுமல்ல.

சமூகத்துக்கு இதில் என்ன?

"இது ஆசிரியர்களின் விடயம், நமக்கென்ன" என்று சிலர் நினைக்கலாம். எழுதத் தெரிந்தவர்கள் குறைந்த சமூகம் தன் வழக்கைத் தானே எடுத்துரைக்க முடியாத சமூகமாகிவிடும் என்பதை இந்த மாவட்டத்தில் வாழும் நாம் மறந்துவிடக் கூடாது.

2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை எனப் பரவிய வன்முறையில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. நெருப்பு அணைந்த பிறகு தொடங்கியது இன்னொரு வேலை. பொலிஸ் முறைப்பாடு, நட்டஈட்டு விண்ணப்பம், மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கான மனு என எல்லாமே எழுத்து வேலை. எத்தனை மணிக்கு, எங்கே, யார் பார்த்தார்கள், எதை இழந்தோம் என்று ஒழுங்காக எழுத வேண்டும். கோபத்திலும் துயரத்திலும் எழுதும் முதல் பிரதியில் கண்டதும் கேட்டதும் ஊகித்ததும் ஒன்றாகக் கலந்துதான் வரும். அது இயல்பு. இரண்டாம் தடவை உட்கார்ந்து, "இது நான் கண்டது, இது பிறர் சொன்னது" என்று பிரித்து எழுதத் தெரிந்தவரின் மனுதான் நிற்கும். அந்தப் பழக்கத்தை அழிவு வந்த பிறகு கற்றுக்கொள்ள முடியாது. தரம் 8இல் கற்றிருக்க வேண்டும்.

கொவிட் காலத்தில் ஜனாஸாக்களைப் பலவந்தமாக எரித்தபோதும் இதையே கண்டோம். 2021 பெப்ரவரியில் அடக்கம் செய்வதற்கு அனுமதி கிடைக்கும் வரை, மருத்துவ ஆதாரங்களை நிதானமாக அடுக்கி எழுதியவர்களின் எழுத்து சிங்கள, ஆங்கில வாசகர்களையும் சென்றடைந்தது. பேஸ்புக்கில் கொட்டிய கோபம் நம் வட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அனுப்பும் முன் ஒரு தடவை வாசித்துப் பார்க்கும் பழக்கம் இல்லாத சமூகம் வட்ஸ்அப்பில் வதந்தியையும் அதே வேகத்தில் அனுப்பும். இரண்டும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள்.

திரும்ப எழுதுவது நமக்கு அந்நியமான விடயமும் அல்ல. இந்நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பாரம்பரியமாகப் பின்பற்றிவரும் மத்ஹபின் இமாமையே எடுத்துக்கொள்ளுங்கள். இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் ஈராக்கில் இருந்தபோது சொன்ன கருத்துக்களை மிஸ்ருக்குப் போன பின் மீளாய்வு செய்தார்கள். அதனால்தான் "கவ்ல் கதீம்", "கவ்ல் ஜதீத்" என்று பழைய கருத்து, புதிய கருத்து என இரண்டை இன்றும் மத்ரஸாக்களில் பிரித்துப் படிக்கிறார்கள். தமது "அர்ரிஸாலா" நூலையும் அவர்கள் மிஸ்ரில் மீண்டும் எழுதினார்கள். ஹிஜ்ரி 204இல் மறைந்த அந்தப் பேரறிஞருக்குத் தன் எழுத்தைத் திரும்பப் பார்ப்பது குறைவாகத் தெரியவில்லை. அவரைப் பின்பற்றும் நமது பிள்ளைகளுக்கு மட்டும் "திரும்ப எழுது" என்பது தண்டனையாகக் கேட்கிறது. நாம்தான் அதைத் தண்டனையாக்கி வைத்திருக்கிறோம்.

நமது கண்டி மண்ணுக்கும் ஒரு மரபு உண்டு. 1838இல் கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1882இல் "முஸ்லிம் நேசன்" பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் வெளிவந்த அவரது "அசன்பே சரித்திரம்" இலங்கையின் முதல் தமிழ் நாவல் எனப் பலராலும் குறிப்பிடப்படுகிறது. சமூகத்தை உயர்த்தப் பாடசாலை கட்டுவதோடு நின்றுவிடாமல் அவர் பத்திரிகையும் நடத்தினார். கல்வியும் எழுத்தும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் பெயரில் பாடசாலை வைத்திருக்கும் நகரத்தில் எழுத்து வெறும் பரீட்சைப் பகுதியாகச் சுருங்கிப்போவது நியாயமல்ல.

எதிர்க்கேள்விகள்

இதைப் பேசும்போதெல்லாம் ஆசிரிய நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "40 பிள்ளைகளுக்கு இரண்டு பிரதி திருத்த நேரம் எங்கே?" என்பது. நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தவணையில் ஆறு கட்டுரை, ஒவ்வொன்றுக்கும் 5 நிமிடம் என்றால் ஒரு வகுப்புக்கு 1,200 நிமிடம் போகிறது. அதற்குப் பதிலாக மூன்றே கட்டுரை கொடுங்கள். முதல் பிரதியில் சொல் திருத்தம் வேண்டாம், இரண்டு கேள்வி மட்டும் எழுத 2 நிமிடம். இரண்டாம் பிரதிக்கு 4 நிமிடம். கூட்டிப் பார்த்தால் 720 நிமிடம்தான். ஆசிரியரின் சுமை குறைகிறது, பிள்ளையின் வேலை கூடுகிறது. கூட வேண்டியதும் அதுதான். கட்டுரைகளின் எண்ணிக்கையைக் குறைக்க அதிபரும் ஆசிரிய ஆலோசகரும் இடம்கொடுக்க வேண்டும். கொப்பியில் எத்தனை கட்டுரை இருக்கிறது என்று எண்ணும் மேற்பார்வை, ஒரு கட்டுரை எத்தனை தடவை வளர்ந்திருக்கிறது என்று பார்க்கும் மேற்பார்வையாக மாற வேண்டும்.

இரண்டாவது கேள்வி: "பரீட்சை மண்டபத்தில் இரண்டாம் பிரதி எழுத நேரம் கொடுப்பார்களா?" கொடுக்க மாட்டார்கள். ஆனால் வலைப்பயிற்சியில் ஒரே பந்தை நூறு தடவை ஆடிப் பழகுபவரை, "மெச்சில் ஒரு தடவைதானே பந்து வரும்" என்று யாரும் தடுப்பதில்லை. பலமுறை திருத்திப் பழகிய பிள்ளைக்கு, எந்த முன்னுரை வெறும் அலங்காரம், எந்த வசனம் விடயத்தைச் சொல்கிறது என்று எழுதும்போதே தெரியத் தொடங்கும். பரீட்சையின் கடைசிப் பத்து நிமிடத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரியும். மாதிரிக் கட்டுரையை நம்பிய பிள்ளையோ, தலைப்பு கொஞ்சம் மாறி வந்தால் தடுமாறிப்போகும்.

மூன்றாவது கேள்வி புதியது: "இப்போது சாட்ஜிபிடி எழுதிக் கொடுக்கிறதே, இனி எதற்கு இந்தப் பாடு?" உண்மைதான். வீட்டில் எழுதி வரச் சொல்லும் கட்டுரை இனி யாருடையது என்று சொல்ல முடியாது. அதனால்தான் முதல் பிரதி வகுப்பிலேயே, கையாலேயே எழுதப்பட வேண்டும் என்கிறேன். முதல் பிரதியும் கேள்வியும் இரண்டாம் பிரதியும் ஒன்றாக ஒட்டப்பட்ட கொப்பியில் ஏமாற்றுவது கடினம். ஏமாற்ற வேண்டிய தேவையும் குறைவு, ஏனென்றால் முதல் பிரதி மோசமாக இருந்தால் யாரும் புள்ளி குறைக்கப் போவதில்லை. அதோடு, இயந்திரம் எழுதித் தருவதை அப்படியே ஏற்பதா, எங்கே பொய், எங்கே வெற்றுச்சொல் என்று கண்டுபிடிப்பதா என்பதும் திருத்தும் திறமைதான். அந்த இயந்திரம் பரவப் பரவ இந்தத் திறமைக்குத் தேவை கூடுமே தவிரக் குறையாது.

உடனே செய்யக்கூடியவை

பெரிய நிதியோ சுற்றறிக்கையோ இல்லாமல் அடுத்த தவணையிலேயே தொடங்கக்கூடிய சில விடயங்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, முதல் பிரதிக்குப் புள்ளி இடக்கூடாது. இரண்டாம் பிரதிக்கே புள்ளி. பிள்ளையின் கேள்வி "எனக்கு எத்தனை?" என்பதிலிருந்து "நான் என்ன மாற்ற வேண்டும்?" என்று மாற இந்த ஒன்றே பெரிதும் உதவும்.

இரண்டாவது, சத்தமாக வாசித்தல். பிள்ளை தன் கட்டுரையைப் பக்கத்துப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டட்டும். கேட்பவர் "நல்லா இருக்கு", "சரியில்லை" என்று சொல்லக்கூடாது. "எனக்கு விளங்காத இடம் எது", "இன்னும் கேட்க விரும்பும் இடம் எது" என்ற இரண்டை மட்டும் சொல்ல வேண்டும். மூச்சு முட்டும் நீண்ட வசனத்தை நாக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவது, ஆசிரியர் தன் எழுத்தை வகுப்பின் முன் திருத்திக் காட்ட வேண்டும். பலகையில் ஒரு பந்தி எழுதி, வெட்டி, மாற்றி, காரணம் சொல்லி எழுதினால் போதும். பெரியவர்களும் ஒரே தடவையில் சரியாக எழுதுவதில்லை என்று பிள்ளை கண்ணால் காணாத வரை, திருத்துவது கெட்டிக்காரத்தனம் இல்லாதவரின் அடையாளம் என்றே நினைக்கும்.

நான்காவது, உண்மையான வாசகர். பிரதேச சபைக்கு வடிகான் பற்றிய கடிதம், பாடசாலைச் சஞ்சிகைக்கு ஊரின் பழைய கடைவீதி பற்றிய குறிப்பு, வெள்ளத்தைக் கண்ட உம்மம்மாவின் நேர்காணல் என எழுதச் சொல்லுங்கள். யாரோ வாசிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தால் பிள்ளை தானாகவே இரண்டாம் தடவை பார்க்கும்.

ஐந்தாவது, ஊரின் பங்கு. மடவளை மதீனா, அக்குறணை அஸ்ஹர், கம்பளை சாஹிரா, கண்டி பதியுத்தீன் மஹ்மூத் மகளிர் கல்லூரி போன்ற பெரிய பாடசாலைகளைச் சுற்றிப் பழைய மாணவர்களின் பலம் இருக்கிறது. அவற்றிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கும் வேறிடங்களுக்கும் சென்ற இளைஞர்கள் இருக்கிறார்கள். கட்டடத்துக்கும் மேடைக்கும் காசு திரட்டும் அதே சங்கங்கள், மாதத்தில் ஒரு சனிக்கிழமை பத்து வாசகர்களைத் திரட்டி அருகிலுள்ள சிறிய பாடசாலைக்கு அனுப்ப முடியாதா? அவர்கள் கற்பிக்கத் தேவையில்லை. பிள்ளையின் முதல் பிரதியை வாசித்து இரண்டு கேள்வி கேட்டால் போதும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வெட்டியும் கீறியும் இருக்கும் கொப்பியைக் கண்டால் "ஏன் இவ்வளவு அசிங்கமா எழுதியிருக்கே?" என்று ஏசாதீர்கள். அது பிள்ளை யோசித்ததன் அடையாளம். ஒரு கறையும் இல்லாத அழகான கொப்பியைக் கண்டால்தான், இது யாருடைய கட்டுரை என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

தரம் 6 சீர்திருத்தம் 2027க்குத் தள்ளிப்போனதைச் சிலர் தோல்வி என்கிறார்கள். பிழையைக் கண்டபின் நிறுத்தி, திரும்பப் பார்த்து, மீண்டும் எழுத ஒரு வருடம் கிடைத்திருக்கிறது என்றும் அதைப் பார்க்கலாம். அந்த அவகாசத்தை அரசாங்கம் எப்படிப் பயன்படுத்துகிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அதே அவகாசத்தில் நமது பாடசாலைகளில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரே ஒரு கட்டுரையையாவது மூன்று தடவை எழுதி, தன் கையாலேயே அதை நல்லதாக்கி முடித்ததா என்று கேட்கும் கடமையும் உண்டு. முதலாவது கேள்விக்கான பதில் கொழும்பிலும் பத்தரமுல்லையிலும் இருக்கிறது. இரண்டாவதற்கான பதிலுக்கு நாம் யாரையும் காத்திருக்க வேண்டியதில்லை.